மவுசுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்

"மணி என்னம்மா ஆச்சி?"

அவரை நினைத்தால் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பார். வாட்ச் வாங்க வக்கில்லாதவர் இல்லை. தோல் பட்டை போட்ட, நொடி முள் ஓடுகிற நல்ல வாட்ச் ஒன்று வைத்திருந்தார். ஆனால் அது கையில் இருந்த நேரம் குறைவு. மாடியில் அவருடைய மேசை மேல், கம்ப்யூட்டர் மவுசுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, மவுசுக்கு வாட்ச் கட்டி விட்ருக்கீங்க?" என்றேன்.

"மவுசுக்கு அடியில சிவப்பு லைட் எரியுதில்ல, அது முள்ள பாக்குது. முள்ளு நகந்தா மவுஸே நகந்த மாதிரி அதுக்குத் தோணுது. யாரோ உக்காந்து வேல செய்றாங்கன்னு நெனச்சிக்கும். தூங்காது."

திரையைப் பார்த்தேன். யாரும் தொடாமலே அம்புக்குறி துளித்துளியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

ஓசூரில் ராயக்கோட்டை சாலையில் இருந்த மாடிக் கட்டடம் அது. கீழே ஜெராக்ஸ், டி.டி.பி. கடையில் எனக்கு வேலை. மேலே கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோ. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்த கதை. என் கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை கிடைத்ததால் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்திருந்தோம். குடியிருந்த இடத்தில் ஒரு பக்கம் தெலுங்கு, எதிரே கன்னடம். என் தமிழைக் கேட்டாலே கடைக்காரர்கள் வாய்க்குள் சிரித்துக்கொள்வார்கள். அந்த ஊரில் நான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். எல்லோரும் 'எடிட்டிங் அண்ணா' என்பார்கள். எனக்கு அண்ணே. நாற்பதைத் தாண்டியவர், சாமல்பட்டிப் பக்கத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர். வாரத்துக்கு மூன்று கல்யாணம் பார்த்த கல்யாணம் ஆகாத மனிதர் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அவர் சிரித்துக்கொள்வார்.

அவருக்குப் பிரச்சினை கம்ப்யூட்டர் தூங்குவது அல்ல. அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு வயரில் தொங்கிய, சோப்புப் பெட்டி அளவு ஹார்ட் டிஸ்க்தான். எடுத்த கல்யாணமெல்லாம் அதற்குள்தான் இருக்கும். கம்ப்யூட்டர் தூங்கினால் அந்த டிஸ்க்கின் பிடியை விட்டுவிடும். திரும்ப எழுப்பினால், டிஸ்க் இருக்கிறது என்பதே அதற்கு நினைவிருக்காது.

"தூங்கி எழுந்து டிஸ்க்க பாத்து, நீ யாருன்னு கேக்குதும்மா" என்பார். "இத்தன நாளா கூடவே இருந்தது. ஒரு தூக்கத்துல மறந்துடுது."

டிஸ்க்கைச் சொருகினால் மேலே ஏறுகிற இரண்டு சுரம் கேட்கும். கழன்றால் கீழே இறங்குகிற இரண்டு சுரம். அந்த இறங்கும் சத்தம் என்றால் அவருக்கு உயிர் போய்விடும். டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும்போது யாருடைய செல்போனிலாவது அதைப்போல ஏதாவது கேட்டுவிட்டால் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவார். ஒருமுறை ஐஸ் வண்டிக்காரனின் மணிக்குக்கூட ஓடினார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய முதலாளி கேமரா டேப்புகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவர். எடுத்த கல்யாணம் டிஸ்க்கில் இறங்கியதும் டேப் அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடும். ஒரு கல்யாணத்தின் மேல் இன்னொரு கல்யாணம் ஏறிவிடும். டிவிடி போட்டுக் கொடுக்கிற வரைக்கும் அந்த வீட்டுத் தாலிகட்டு உலகத்திலேயே அந்தச் சோப்புப் பெட்டியில் மட்டும்தான் இருக்கும். அதனால் அவர் நகரமாட்டார். மதியத்துக்கு பன்னும் டீயும். சாயங்காலமும் அதுவேதான். கட்டாயம் போயே ஆகவேண்டுமென்றால் வாட்சைக் கழற்றி மவுசுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். பிறகு வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மணி கேட்பார்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரிந்திருந்தது. ஆனால் அவரை யாருக்கும் தெரியாது. ஒருநாள் பூக்கடையில் என்னோடு நின்றிருந்தவர், எதிரே வந்த ஒருவரிடம், "பெரியவருக்கு முட்டி வலி எப்பிடி இருக்குதுங்க? மேடை ஏற ரொம்ப சிரமப்பட்டாரே" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருங்க?" என்றார். இவர் பூவை வாங்கிக்கொண்டு நடந்தார். நான் விடுவேனா? வழியெல்லாம் சிரித்தேன். கடை வாசலுக்கு வந்ததும்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த விஷயத்தை வைத்து நான் கிண்டல் செய்யவில்லை. அந்தப் பூவை என்னிடமே கொடுத்துவிட்டார். அவருக்குப் பூ எதற்கு?

ஒரு சிரிப்புச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாடியிலிருந்து ஒரு பெண் சிரிக்கிற சத்தம் தினமும் கேட்கும். மதியம் மூன்று மணிக்கு மேல், சாலையில் லாரி குறைகிற நேரத்தில். ஒரே சிரிப்பு, ஒரே அளவு. எனக்கு நாக்கு நுனியெல்லாம் கேள்வி. ஆள் பார்க்க சாது, மேலே வேறு கதை நடக்கிறதோ என்று நினைத்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சத்தம் போடாமல் படியேறிப் போனேன். அவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பந்தி. ஓரத்தில் மோர் வாளியோடு நின்ற ஒரு பெண் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பிறகு கேமரா அவளைத் தாண்டிப் போய்விட்டது. அவர் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

நான் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மூடவில்லை.

"என் தங்கச்சிம்மா" என்றார்.

டிஸ்க்கில் 'வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். வாடிக்கையாளருக்குத் தேவையில்லை என்று வெட்டிய துண்டுகளெல்லாம் அதில் இருந்தன. நாற்காலியில் தூங்கிப்போன கிழவர், மைக்கைப் பிடித்து ஊதிப் பார்க்கிற குழந்தை, கை கழுவிவிட்டுத் துடைக்கத் துணி தேடுகிறவர். "வெட்டச் சொல்றாங்க, வெட்டிட்றேன். தூக்கிப் போட மனசு வரல" என்றார். அந்தக் கூட்டத்தில்தான் அவருடைய தங்கையும் இருந்தாள். உத்தனப்பள்ளியில் நடந்த ஒரு கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் கர்நாடகத்து ஆனேக்கல்காரர்கள். அவர்களோடு வந்தவள்.

"எத்தன வருசமாச்சுண்ணே பாத்து?"

"பதினாலு."

அவள் வேலை செய்த கம்பெனியில் ஒரு கன்னடக்காரரைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அதற்கே இவருக்குக் கோபம். அடுத்த வருடம் அம்மா செத்தபோது செய்தி கேட்டு ஓடிவந்திருக்கிறாள். இவர் வாசலை மறித்து நின்றிருக்கிறார்.

"உள்ள விடலம்மா. வாசல்லயே நின்னு அழுதா. தூக்கினு போற வரைக்கும் நின்னா. நான் விடல."

இந்த மனிதரா? ஐஸ் வண்டி மணிக்கு ஓடுகிற, வேண்டாத துண்டைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத இந்த மனிதரா? "கல்யாண வீட்ல கேட்டா அட்ரஸ் குடுப்பாகள்ல? போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றேன்.

"என்னைப் பாத்தா அந்தச் சிரிப்பு இருக்காதும்மா. இதுல பதினோரு செகண்டு சிரிக்கிறா. போதும்."

அவர் ஏன் அந்த அறையை விட்டு நகரவில்லை என்பது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. காவல் காத்தது ஊரார் கல்யாணங்களை மட்டும் அல்ல.

இரக்கம் வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. போதாததற்கு, கீழே டைப் அடிக்கிறவள் என்பதால் கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற தலைக்கனம் வேறு. "இதுக்கெல்லாம் செட்டிங் இருக்குண்ணே. வாட்செல்லாம் வேணாம்" என்று ஒருநாள் அவரை எழுந்திருக்கச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தேடித் தேடி இடத்தைக் கண்டுபிடித்தேன். மூன்று வரிகள் இருந்தன. எவ்வளவு நேரத்தில் திரையை அணைப்பது, எவ்வளவு நேரத்தில் டிஸ்க்கை நிறுத்துவது, எவ்வளவு நேரத்தில் தூங்குவது. முதல் வரியை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினேன். இரண்டாவதையும் மாற்றினேன். கீழேயிருந்து யாரோ ஜெராக்ஸுக்குக் கூப்பிட்டார்கள். ஓ.கே.யை அழுத்திவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்து, யாரும் தொடாமல் அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தோம். முன்பெல்லாம் இருபது நிமிடத்தில் இருட்டிவிடுகிற திரை அன்று இருட்டவில்லை. இறங்கும் சத்தமும் கேட்கவில்லை. திரை அணைவதும் கம்ப்யூட்டர் தூங்குவதும் ஒன்றே என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

"பாத்தீகளா?" என்றேன். பரீட்சையில் முதலாவது வந்த மாதிரி இருந்தது எனக்கு.

"பாத்தேன்" என்றார். ஆனால் அடுத்த நாளும் வாட்ச் மவுசுக்கு அடியில்தான் இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. சிப்காட் முழுக்க விடுமுறை. கம்பெனி வாசல்களில் வாழைக்கன்று, பூசணிக்காய் உடைத்த சிவப்பு. ஸ்டுடியோவிலும் கேமரா, விளக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துப் பொரி கடலை கொடுத்தார்கள். டிஸ்க்குக்கும் ஒரு குங்குமப் பொட்டு. முதலாளி தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஆனால் ஐப்பசி முகூர்த்தத்துக்குள் கொடுக்க வேண்டியது பாக்கி இருந்ததால், முதலாளி போனதும் இவர் கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு கல்யாணத்தை டிஸ்க்கில் எழுத விட்டுவிட்டார். முடிய மூன்று மணி நேரம் ஆகும்.

எங்கள் வீட்டில் அன்று விருந்து. என் கணவருக்கும் லீவு. போய் அவரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல இழுத்தார்.

"வேல ஓடுதும்மா..."

"அது பாட்டுக்கு ஓடட்டும். அதான் செட்டிங் போட்டாச்சுல்ல? நல்ல நாள் அதுவுமா பன்னைத் தின்னுக்கிட்டு இருப்பீகளா? என் பேச்சுல நம்பிக்கை இல்லையா ஒங்களுக்கு?"

கடைசியில் கேட்டதுதான் வேலை செய்தது. எழுந்தார். வழக்கமாக வாட்சைக் கழற்றுகிற மாதிரி மணிக்கட்டுக்குக் கை போனது. நான்தான் தடுத்தேன். "விருந்துக்கு வர்றீக, வாட்ச் கட்டிட்டு வாங்க. இன்னிக்கு ஒருநாளாவது யார்கிட்டயும் மணி கேக்காம இருங்க" என்றேன்.

கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். மூன்று தடவை ரசம் கேட்டார். என் கணவரோடு கம்பெனிக் கதை பேசினார். நடுவில் ஒருமுறை கையைத் திருப்பி வாட்சைப் பார்த்து, "ஒண்ணே முக்கால்" என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

இரண்டரை மணிக்கு நானும் கூடவே போனேன், மீதிப் பாயசத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு. கதவைத் திறந்தோம். திரை இருட்டாக இருந்தது.

அவர் மவுசைத் தொட்டார். கம்ப்யூட்டர் எழுந்தது. இறங்குகிற இரண்டு சுரம் கேட்டது. டிஸ்க்கைக் கழற்றி மறுபடி சொருகினார். ஏறுகிற இரண்டு சுரம் கேட்டது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு திரையில் ஒரு சின்னப் பெட்டி விழுந்தது: இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?

எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடி விட்டதில் டிஸ்க்கின் கணக்கே குலைந்துபோயிருந்தது. வேறு ஓட்டையில் சொருகினோம். கீழே எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் சொருகினோம். எங்கே சொருகினாலும் அதே கேள்வி. மறுநாள் என் கணவர் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஏதேதோ மீட்டுக் கொடுத்தார்கள். பெயரில்லாத நூற்றுக்கணக்கான ஃபைல்கள், ஒன்றுகூட ஓடவில்லை.

முதலாளி பூசையன்று மெஷின் ஓட்டிய பாவம் என்று ஒரு மூச்சு திட்டினார். பிறகு கணக்குப் பார்த்தார். பழைய கல்யாணமெல்லாம் டிவிடியில் இருந்தது. பாதியில் நின்றதற்கு மட்டும் டேப் இன்னும் அடுத்த ஊருக்குப் போயிருக்கவில்லை. "ஒண்ணும் போகலய்யா, வேஸ்ட்டு மட்டும்தான் போச்சி. விடு" என்றார்.

நான் விடவில்லை. உத்தனப்பள்ளிக் கல்யாண டிவிடியைத் தேடி எடுத்து, பந்தி முழுவதையும் ஓட்டிப் பார்த்தேன். மோர் வாளிக்குச் சற்று முன்பாகப் படம் தாவி மேடைக்குப் போய்விட்டது. அவரே வெட்டியது. தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வதற்காக, ஊராருக்குக் கொடுத்ததிலிருந்து அந்தப் பதினொரு நொடியை வழித்து எடுத்திருந்தார். டேப்பின் மேல் எப்போதோ வேறு கல்யாணம் ஏறியாகிவிட்டது.

அப்புறம்தான் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது வரி. ஒரு மணி நேரத்தில் தூங்கு.

"நான் அந்த வரியப் பாக்கலண்ணே" என்றேன். அழுதுவிட்டேன்.

"நானும் பாக்கலியேம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து மாடியில் மூன்று மணிக்குச் சத்தமே இல்லை. லாரி குறைகிற நேரத்தில் நான் தட்டச்சை நிறுத்திக் காது கொடுப்பேன். ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்கும். படியேறிப் போக எனக்கு முகம் இல்லை. அவரும் கீழே இறங்கி மணி கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் கடை திறக்கும்போதே அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தேன். ஆனேக்கல் பஸ்ஸுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். கல்யாண வீட்டில் விசாரித்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் அடித்த மனுவிலெல்லாம் பிழை. நாலு மணிக்குத் திரும்பி வந்தார். நேராக எங்கள் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாத்தீகளா?"

"பாத்தேம்மா. தட்டுனேன். உள்ள யார்கூடயோ பேசி சிரிச்சிக்கினே வந்து கதவத் தொறந்தா. அதே சிரிப்பு."

"அப்புறம்?"

"என்னைப் பாத்து, யாரு பேக்குன்னா. யார் வேணும்னு கேக்கிறா. இவ்ளோ தாடி, நரை வேற. தெரியல அவளுக்கு."

"நீங்க சொல்ல வேண்டியதுதானண்ணே!"

"வாய் வரல. கன்னடத்துலயே, அட்ரஸ் மாறி வந்துட்டேம்மான்னுட்டேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயில்ல வந்திருக்கீங்க, ஒளகெ பன்னின்னா. உள்ள வாங்க, உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு கூப்புட்றா. யார்னே தெரியாதவன உள்ள கூப்புட்றா."

"போனீகளா?"

"இல்லம்மா. வாசல்லயே நின்னு குடிச்சிட்டு வந்துட்டேன்."

மூன்றாவது வரியை அன்றே மாற்றிவிட்டேன், இனி எத்தனை மணி நேரமானாலும் தூங்காது என்று அவரிடம் பல தடவை சொல்லியிருந்தேன். ஆனால் அவர் மணிக்கட்டு வெறுமையாகத்தான் இருந்தது. மாடியில் பூட்டிய அறைக்குள், புது டிஸ்க் ஒன்றுக்காக, அந்த வாட்ச் காலையிலிருந்து மவுசுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து படி வரைக்கும் போய்த் திரும்பினார்.

"மணி என்னம்மா ஆச்சி?"

சொன்னேன். மேலே ஏறிப் போனார்.